குழந்தை தூங்கவில்லை என்றால் முதலில் வீட்டைப் பாருங்கள்

மூன்று நான்கு வயதுக் குழந்தை ராத்திரி பதினொன்று வரைக்கும் தூங்காமல் படுத்துகிறது என்று யாராவது சொன்னால், நான் முதலில் கேட்பது இதுதான்: உங்கள் வீட்டில் எத்தனை மணிக்கு ஹால் டியூப்லைட்டை அணைப்பீர்கள்?

பல வீடுகளில் அம்மாவோ அப்பாவோ வேலை முடிந்து வருவதே எட்டரை, ஒன்பது ஆகிவிடுகிறது. அதற்கப்புறம்தான் தோசைக்கல் அடுப்பில் ஏறும். டிவியில் சீரியல் ஓடும், வெளியூரிலிருந்து வீடியோ கால் வரும், எல்லா அறையிலும் விளக்கு எரியும். இத்தனைக்கும் நடுவில் குழந்தையிடம் மட்டும் "போய்ப் படு" என்கிறோம். கல்யாண வீட்டில் உங்களை மட்டும் உள்ளே போய்ப் படுக்கச் சொன்னால் போவீர்களா?

என் மகள் எல்.கே.ஜி. படிக்கிறாள். படுத்ததும் முதலில் தண்ணி கேட்பாள். குடிப்பது ஒரே வாய்தான். அப்புறம் மூச்சா. அப்புறம் கால் வலிக்கும். பிடித்துவிட ஆரம்பித்தால், "இந்தக் கால் இல்லம்மா, அந்தக் கால்." கடைசியில் இருட்டுக்குள்ளிருந்து ஒரு கேள்வி வரும்: "அம்மா, டைனோசருக்குத் தாத்தா உண்டா?" இதையெல்லாம் சேட்டை, நடிப்பு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. காலையில் வேன், மதியத்துக்கு மேல் பாட்டி, சாயங்காலம் நான் வந்தால் சமையல். அம்மா முழுசாகத் தன் கைக்குக் கிடைப்பது அந்தப் பாயில்தான் என்று அவளுக்குத் தெரியும். கிடைத்ததை எப்படி விடுவாள்?

அதற்காக நேரம் கடந்தால் பரவாயில்லை என்று விடவும் முடியாது. மூன்று முதல் ஐந்து வயது வரை, பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016இல் சொன்னது. மூன்று, நான்கு வயதுக்கு உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னதும் அதே கணக்குதான். காலை ஆறரைக்கு எழ வேண்டிய குழந்தை ஒன்பது மணிக்குத் தூங்கினால், மதியம் ஒரு மணி நேரத்தையும் சேர்த்து பத்தரை மணி நேரம் வரும். பதினொன்றுக்குத் தூங்கினால் எட்டரைதான். தினமும் இரண்டு மணி நேரம் துண்டு விழுகிறது. தூக்கம் தாண்டிப்போன குழந்தை சோர்ந்தும் விழாது, கட்டில்மேல் ஏறிக் குதிக்கும். "இன்னும் தெம்பு இருக்கு, விளையாடட்டும்" என்று நாம் விட்டுவிடுகிறோம்.

வெளிச்சத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இருட்டத் தொடங்கியதும் மூளையில் மெலட்டோனின் என்ற தூக்க ஹார்மோன் சுரந்தால்தான் தூக்கம் நெருங்கும். சின்னக் குழந்தையின் கண் நம்முடையதைவிடத் தெளிவானது, அதிக வெளிச்சத்தை உள்ளே விடும். அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தார் 2018இல் வெளியிட்ட சிறிய ஆய்வு ஒன்றில், தூங்குவதற்கு முந்தைய ஒரு மணி நேரம் பளீரென்ற விளக்கின் முன் விளையாடிய குழந்தைகளுக்கு அந்தச் சுரப்பு சராசரியாக 88 சதவீதம் குறைந்தது. விளக்கை அணைத்து 50 நிமிடம் ஆன பிறகும் அது பழைய நிலைக்கு வரவில்லை. நம் வீட்டு டியூப்லைட்டைவிடப் பிரகாசமான விளக்குதான் அது. ஆனாலும் முகத்துக்கு நேரே செல்போனைப் பிடித்துச் சோறு ஊட்டும்போது எனக்கு அது நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

எங்கள் வீட்டில் ஏழரைக்கே அவளுக்குச் சாப்பாடு. எட்டேகாலுக்கு டிவி, டியூப்லைட் இரண்டும் அணைந்து ஜீரோ வாட்ஸ் பல்பு மட்டும் எரியும். என் மாமியார் சீரியலை மறுநாள் மத்தியானம் போனில் பார்த்துக்கொள்கிறார். அத்தை மட்டும் மனது வைக்காவிட்டால் இதில் ஒன்றுமே நடந்திருக்காது. பல் தேய்த்து, மூச்சா போய், தண்ணிச் சொம்பைத் தலைமாட்டில் வைத்து, இரண்டு கதை. வரிசை மாறாது. மதியத் தூக்கம் நாலு மணியைத் தாண்டாது. ராத்திரி ஒன்பதுக்கு வந்து மகளைத் தூக்கிப்போட்டு விளையாடிய அவள் அப்பா, இப்போது காலையில் குளிப்பாட்டி வேன் ஏற்றுகிறார். அவருக்கும் அவளுக்கும் அந்த நேரம் பிடித்துப்போய்விட்டது.

அப்புறம், படுத்த பிறகு வரும் கேள்விகளுக்கு ஒரு சீட்டு. அமெரிக்க உளவியலாளர் பேட்ரிக் ஃப்ரைமனும் உடன் இருந்தவர்களும் 1999இல் எழுதிய யோசனை. படுக்கும்போது குழந்தை கையில் ஒரு அட்டை கொடுக்க வேண்டும். அதைத் திருப்பிக் கொடுத்து ஒரே ஒரு முறை எழுந்து வரலாம், அல்லது ஏதாவது கேட்கலாம். அதற்கு மேல் எதுவும் கிடையாது. அங்கே குழந்தைக்குத் தனி அறை. இங்கே பக்கத்தில்தான் படுக்கிறாள், அது அப்படியே இருக்கட்டும். எங்கள் சீட்டு ராணி படம் போட்ட சீட்டுக்கட்டு அட்டை. சில நாள் படுத்த உடனே டைனோசருக்குச் செலவாகிவிடும். சில நாள் அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டே தூங்கிவிடுகிறாள். கேட்டால் கிடைக்கும் என்று தெரிந்தாலே பாதிக் கேள்வி குறைகிறது.

பூச்சாண்டியை மட்டும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. "தூங்கலைன்னா பூச்சாண்டி வந்து பிடிச்சிட்டுப் போயிடுவான்." பயந்த குழந்தைக்கு எப்படித் தூக்கம் வரும்? நெஞ்சு படபடக்கக் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வதைத் தூக்கம் என்று நினைத்துக் கதவைச் சாத்துகிறோம். தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள்.

பெற்றோர் எவ்வளவு முயன்றாலும் இன்னொரு முனை பள்ளியின் கையில் இருக்கிறது. நான்காம் வகுப்பு வரைக்கும் காலை 9 மணிக்கு முன்னால் பள்ளி தொடங்கக்கூடாது என்று மகாராஷ்டிர அரசு 2024 பிப்ரவரியில் உத்தரவு போட்டது. குழந்தைகள் தாமதமாகத் தூங்குகிறார்கள் என்பதுதான் அங்கே பேசப்பட்ட காரணம். எங்கள் தெருவுக்கு எல்.கே.ஜி. வேன் ஏழேகாலுக்கு வருகிறது. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் சின்ன வகுப்புகளுக்காவது நேரத்தைத் தள்ளி வைக்கச் சொல்லிக் கேட்கப்போகிறேன். உங்கள் பள்ளியில் நீங்களும் கேளுங்கள்.