கிரீடம் பொறித்ததெல்லாம் அரண்மனைத் துப்பாக்கி அல்ல

பழைய இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்றின் படம் வாட்ஸப்பில் சுற்றுகிறது. குழலின் அடியில் கிரீடம், பக்கத்தில் 14 என்ற எண். 'இது 1814இல் இங்கிலாந்து அரசருக்காகச் செய்தது, விலை பல லட்சம்' என்கிறது செய்தி. அரசர், ஆண்டு இரண்டுமே தவறு.

படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கிரீடத்தின் கீழே இரண்டு செங்கோல்கள் குறுக்காக இருக்கின்றன. இடுக்குகளில் B, P, C என்ற ஆங்கில எழுத்துகள். இது இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் துப்பாக்கிச் சோதனைச் சாலையின் முத்திரை. 1813இல் சட்டம் போட்டு அமைத்த நிலையம் அது. வழக்கத்தைவிட அதிக மருந்து கெட்டித்துச் சுட்டு, வெடிக்காமல் தாங்கிய குழலில் இதைக் குத்துவார்கள். சாதாரண வேட்டைத் துப்பாக்கிக்கும் இதே கிரீடம்தான். 1904 வரை இந்த வடிவம் புழக்கத்தில் இருந்தது.

சரி, அந்த 14? அது குழலின் அளவு. ஒரு பவுண்டு ஈயத்தில் சமமாக 14 குண்டு வார்த்தால், ஒரு குண்டின் விட்டம் எவ்வளவோ அதுதான், சுமார் 17.6 மில்லிமீட்டர். இரண்டு குழலிலும் தனித்தனியே 14 இருக்கிறதே, ஆண்டு என்றால் எதற்கு இருமுறை? தவிர, படத்திலிருப்பது தொப்பி வெடியை, அதாவது குழலிலுள்ள மருந்தைப் பற்றவைக்கும் சிறு உலோக மூடியை, சுத்தியல் அடிக்கும் வகை. அது பரவலானதே 1820களுக்குப் பிறகு.

பர்மிங்ஹாம் சோதனைச் சாலையின் இணையதளத்தில் முத்திரைகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். உங்களுக்கு வந்திருந்தால் மேற்கொண்டு அனுப்பாதீர்கள்.