மடியில் இறுக்கிப் பிடித்தால் போதுமா?

"10 கிலோ குழந்தைதானே, அம்மா மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டால் போதும், காரில் தனி இருக்கை வீண்செலவு" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு, அதுவும் ஆபத்தான தவறு.

மோதலின்போது கைகள் தாங்கவேண்டியது குழந்தையின் எடையை அல்ல. அதை நிறுத்தத் தேவையான விசையை. நிறையை முடுக்கத்தால், அதாவது வேகம் மாறும் வீதத்தால், பெருக்கினால் விசை. மணிக்கு 50 கி.மீ. என்பது நொடிக்குச் சுமார் 13.9 மீட்டர். அந்த வேகம் 0.1 நொடியில் பூஜ்யமாகிறது என்று வைத்துக்கொள்வோம். எதிர்முடுக்கம், அதாவது வேகம் குறையும் வீதம், 139 மீ/வி². 10 கிலோவால் பெருக்கினால் 1,390 நியூட்டன் (விசையின் அலகு). ஏறக்குறைய 140 கிலோ மூட்டை திடீரென்று கையில் விழுந்தது போல. எந்தத் தாயாலும் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. பாசம் குறைவு என்பதால் அல்ல.

சரி, ஊருக்குள் 30-ல்தானே போகிறோம்? அதே 0.1 நொடி என்றால் அப்போதும் சுமார் 830 நியூட்டன், கிட்டத்தட்ட 85 கிலோ. அப்புறம், பெல்ட் போடாத பெரியவரின் உடலே குழந்தையை நசுக்கிவிடும். ஒரே பெல்ட்டை இருவருக்கும் சேர்த்துப் போட்டாலும் இதே ஆபத்துதான். குழந்தையின் எடைக்கும் உயரத்துக்கும் ஏற்ற தனி இருக்கையைப் பின்சீட்டில் பொருத்துங்கள்.