'லிட்டில் ஃபாரஸ்ட்': எது மூலம், எது தழுவல்?

ஜப்பானிய 'லிட்டில் ஃபாரஸ்ட்' படம், அதே பெயரில் 2018-இல் வந்த கொரியப் படத்தின் தழுவல், அதுவும் சமைப்பதையும் சாப்பிடுவதையும் காட்டும் அழகான கிராமக் கனவு என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே தவறு. டைசுகே இகராஷியின் மங்காவை (ஜப்பானியப் படக்கதையை) இயக்குநர் ஜுன்இச்சி மோரி இரண்டு படங்களாக எடுத்தார். கோடை-இலையுதிர் பாகம் 2014-இலும் குளிர்-வசந்தப் பாகம் 2015-இலும் வந்தன. கொரியப் படம் அதற்கப்புறம்தான். நல்ல படம்தான், ஆனால் மூலம் அது இல்லை.

அப்புறம் அந்தக் 'கனவு' விஷயம். தொடக்கத்திலேயே கோடைப் புழுக்கத்தில் மரக்கரண்டியில் பூஞ்சை பிடிக்கிறது, ஈரத்தை விரட்ட அந்த வெக்கையிலும் நாயகி இச்சிகோ விறகடுப்பை மூட்டி, மூட்டியதுதான் மூட்டினோம் என்று அதிலேயே ரொட்டியும் சுடுகிறாள். களை தின்ன வயலில் விட்டு வளர்த்த வாத்தை அவளே அறுத்துச் சமைக்கிறாள். ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்ட அம்மாவின் கைப்பக்குவத்தை ஒவ்வொரு பண்டத்திலும் தேடுகிறாள். வடகிழக்கு ஜப்பானின் இவாத்தே பகுதியில், நான்கு பருவமும் அங்கேயே எடுத்த படம் இது. நாற்று நடுவதிலிருந்து விறகு பிளப்பது வரை ஒரு வேலையையும் படம் மறைக்கவில்லை. வேகம் இல்லை என்று சொல்லுங்கள், சரி. கஷ்டமே இல்லாத கிராமம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.