அம்மாவோடு தனியாகப் பேசுங்கள்

வெளிநாட்டில் வாழும் பிள்ளைகளும் ஊரில் இருக்கும் பெற்றோரும் தொடர்பில் இருப்பது இன்று மிகவும் இலகுவாகிவிட்டது என்று எல்லோரும் சொல்கிறோம். அது உண்மைதான். ஆனால் கொழும்புப் பக்கத்தில், வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் தெஹிவளையிலும் தொடர்மாடி வீடுகளில் வசிக்கும் வயதானவர்கள் பலரோடு நெடுநாள் பழகிவருவதால், வெளிநாட்டில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும் என்று நினைக்கிறேன். நாள் தவறாமல் உங்கள் முகத்தைத் திரையில் பார்க்கும் இந்தத் தாய்மாரில் பலருக்கு, உங்களோடு தனியாக ஐந்து நிமிடம் பேசும் வாய்ப்புக் கிடைப்பதில்லை.

எனக்குத் தெரிந்த மாமி ஒருவர் வெள்ளவத்தையில், காலி வீதியில் இருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் இருக்கிறார். மகன் ரொறன்ரோவில். கோடை காலத்தில் இங்கே காலை ஏழு மணியாகும்போது அங்கே முதல் நாள் இரவு ஒன்பதரை. அந்த நேரத்துக்கு அழைப்பு வரும். மாமியைப் பார்த்துக்கொள்ளும் பெண் அதற்கு முன்பே அவருக்கு முகம் துடைத்து, திருநீறு பூசி, வெளிச்சம் விழும் யன்னலோரக் கதிரையில் இருத்திவிடுவாள். மாமிக்குக் காது மந்தம், கையும் நடுங்கும். ஆகவே கைத்தொலைபேசியை அவள்தான் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஸ்பீக்கரும் முழுச் சத்தத்தில் இருக்கும். "அம்மா, சாப்பிட்டீங்களோ? மருந்து போட்டீங்களோ?" என்று மகன் கேட்பார். "சாப்பிட்டாங்க ஐயா, மூணு இடியப்பம் சாப்பிட்டாங்க" என்று மறுமொழி அவளிடம் இருந்து வரும். "ஓம் தம்பி, நான் சுகமா இருக்கிறன்" என்று மாமி சொல்வார். பேரப்பிள்ளைகள் கை காட்டுவார்கள். அழைப்பு முடிந்துவிடும்.

அந்தப் பெண் குசினிக்குள் போன பிறகு மாமி என்னிடம் மெல்லச் சொன்னது வேறு. இரவில் கால் உளைவில் நித்திரை வருவதில்லை. ஆனாலும் பகல் முழுவதும் வேலை செய்து களைத்துக் கிடக்கும் அந்தப் பிள்ளையை எழுப்ப மனம் வருவதில்லை. மகனிடம் சொல்லலாமே என்றேன். "அவள் பக்கத்தில நிக்கேக்க எப்பிடிப் பிள்ளை சொல்லுறது? தன்னில குறை சொல்லுறன் எண்டு நினைச்சுப் போயிட்டாள் எண்டால் எனக்கு ஆர் இருக்கினம்?" என்று கேட்டார்.

அந்தப் பெண்ணில் எந்தப் பிழையும் இல்லை என்பதை அழுத்திச் சொல்கிறேன். மலையகத்தில் இருந்து தன் குழந்தையைத் தாயிடம் விட்டுவிட்டு வந்து, இரவானதும் அதே வட்ஸ்அப்பில் அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்த்துக் கண் கலங்குகிறவள் அவள். மாமியை அன்பாகவே பார்த்துக்கொள்கிறாள். இப்படி ஒருவர் பக்கத்தில் நிற்கும்போது, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், சில கதைகள் வாய்க்கு வராது என்பதே நான் சொல்ல வருவது. நோவு மட்டுமா? காசுக் கணக்கு, மருமகளைப் பற்றிய மனத்தாங்கல், சாவைப் பற்றிய பயம், மூத்த மகனிடம் மட்டும் கேட்கவேண்டிய ஒரு கேள்வி, எல்லாமே உள்ளே தங்கிவிடுகின்றன.

நம்மவர்களுக்கு இது புதிய துன்பம் அல்ல. போர்க்காலத்தில் சர்வதேசச் செஞ்சிலுவைச் சங்கத்தின் ஊடாகக் குடும்பங்கள் அனுப்பிய செய்திகள் உறையில் இட்டு ஒட்டப்படாத திறந்த கடிதங்கள். வழியில் யாரும் வாசிக்கலாம் என்று தெரிந்தே எழுதினோம். 1990களில் யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் லொட்ஜுகளில் தங்கி, வெளிநாட்டில் இருந்த பிள்ளையின் அழைப்புக்காகக் கொமியூனிகேஷன் என்ற தொலைபேசிக் கடைகளின் வாங்கில்களில் காத்துக் கிடந்தவர்களுக்கு, பேசும் கூண்டை மறைத்த பலகைத் தட்டியின் மெல்லிசு நினைவிருக்கும். உள்ளே ஒருவர் அழுதால் வெளியே எல்லோரும் நிலத்தைப் பார்ப்பார்கள். நிமிடத்துக்கு நிமிடம் காசு ஏறிக்கொண்டிருக்க, வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்கான காசும் சகோதரியின் கலியாணமும் தகப்பனின் வருத்தமும் அந்நியர் காதுபடவே பேசப்பட்டன. 2003 இல் வந்த ஸ்கைப், பிறகு வைபர், வட்ஸ்அப் என்று ஒவ்வொன்றாக வந்து அந்தச் செலவை இல்லாமல் செய்தன. அவரவர் கையில் அவரவர் தொலைபேசி வந்ததும் பிறர் காது என்ற தொல்லையும் ஒழிந்தது என்று நம்பினோம். இளையவர்களுக்கு ஒழிந்தது. தொலைபேசியைத் தானே பிடிக்கவும் அழுத்தவும் சிரமப்படும் எண்பது வயதினருக்கு அந்தத் தட்டி இன்னமும் இருக்கிறது. வட்ஸ்அப்பில் நாம் பேசும் தனிப்பட்ட உரையாடல்கள் 2016 முதல் இடையில் எவரும் ஒட்டுக்கேட்க முடியாதபடி மறைகுறியாக்கப்பட்டே செல்கின்றன. அம்மாவின் கதிரைக்குப் பக்கத்தில் நிற்பவரின் காதுக்கு அதனால் எந்தத் தடையும் இல்லை.

வளைகுடா நாடுகளுக்கு வீட்டுப் பணிப்பெண்களாகப் போகிறவர்களுக்கும் இதே நிலைதான் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. எசமானி பக்கத்தில் இருக்கும்போது, அல்லது தொலைபேசியை அவரே வாங்கி வைத்துக்கொண்டு அனுமதிக்கும் நேரத்தில் மட்டும் பேசும்போது, அந்தப் பெண் வீட்டுக்குச் சொல்லும் "நல்லா இருக்கிறேன்" என்பதை எந்த அளவுக்கு நம்புவது?

இன்னொரு பழக்கம் இப்போது பரவுகிறது. பெற்றோரின் பாதுகாப்புக்கென்று வரவேற்பறையிலும் படுக்கையறையிலும் கமரா பொருத்தி, பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தபடி பார்க்கிறார்கள். விழுந்துவிட்டால் உடனே தெரியும் என்ற கவலையை நான் மதிக்கிறேன். அந்தக் கவலை அன்பில் இருந்து வருவதுதான். ஆனால் ஒரு வீட்டில் அம்மா சேலை மாற்றுவதற்குக் குளியலறைக்குள் போய், அங்கே வழுக்கும் நிலத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் கண்டேன். படுக்கையறைக் கமராவை அகற்றுங்கள் என்று இரந்து கேட்கிறேன். அவர் எத்தனை மணிக்கு எழுந்தார் என்பது உங்களுக்குத் தெரிகிறது. ஏன் அந்நேரத்தில் எழுந்தார் என்பதை அவரே சொன்னால்தான் தெரியும்.

ஆகவே சில காரியங்களைச் செய்யலாம். பராமரிக்கும் பெண் கடைக்கோ கோயிலுக்கோ போகும் நேரத்தைக் கேட்டறிந்து, கிழமைக்கு ஒரு தடவையாவது அந்த நேரத்தில் அழையுங்கள். காணொளி வேண்டாம், சாதாரணக் குரல் அழைப்பே போதும்; அதற்கு இணையமும் தேவையில்லை, ஒரு பொத்தானை அழுத்தினால் அம்மாவே எடுத்துவிடுவார். 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின் பின் அரசாங்கம் சமூக ஊடகங்களைப் பல நாட்கள் முடக்கியபோதும், 2022 இல் மணிக்கணக்காக மின்வெட்டு வந்து வீட்டு வைஃபை நின்றபோதும் கைகொடுத்தது அந்தச் சாதாரண அழைப்புத்தான். காது மந்தமானவருக்கு ஸ்பீக்கரைப் போடுவதற்கு முன், நல்லதொரு ஹெட்போனை மாட்டிப் பாருங்கள். பலருக்கு அதுவே போதுமானதாக இருக்கிறது.

தனிமை எந்த வகையிலும் கிடைக்காவிட்டால், "ஓம்", "இல்லை" என்று மட்டும் மறுமொழி சொல்லக்கூடிய விதமாகக் கேளுங்கள். "எப்படி இருக்கிறீங்கள்?" என்று கேட்டால் "சுகம்" என்றுதான் வரும். "ராத்திரி நித்திரை வந்ததோ? கால் உளைஞ்சதோ? நான் டொக்டரோட கதைக்கட்டோ?" என்று கேட்டுப் பாருங்கள். ஹெட்போன் காதில் இருந்தால் பக்கத்தில் நிற்பவருக்குக் கேள்வி கேட்காது, மறுமொழியில் இருந்தும் எதுவும் விளங்காது. மாமியின் மகனுக்கு இதைச் சொன்னேன். முதல் அழைப்பிலேயே நான்கு "ஓம்" வந்தது. அந்தக் கிழமையே டொக்டரிடம் கொண்டுபோய்க் காட்ட ஏற்பாடு செய்தார்.

ஆவணி விடுமுறைக்கும் நல்லூர்த் திருவிழாவுக்கும் வருகிறவர்கள் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கிக் கொழும்பில் இரண்டொரு நாள் தங்காமல் போவதில்லை. அந்த நாட்களில் பெற்றோரின் தொலைபேசியை எடுத்து, வட்ஸ்அப் கணக்கு யாருடைய எண்ணில் திறக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பராமரிப்பவரின் எண்ணிலோ, பக்கத்து வீட்டாரின் எண்ணிலோ இருந்தால், அம்மாவின் பெயரிலேயே ஒரு சிம் எடுத்து மாற்றிக் கொடுங்கள். அந்தச் சிம் செயலிழந்து போகாமல் அவ்வப்போது ரீலோட் செய்யும் பொறுப்பைப் பிள்ளைகளில் ஒருவர் ஏற்றுக்கொள்ளுங்கள். உங்கள் படத்தைத் தொட்டால் உங்களுக்கே அழைப்பு வரும்படி முகப்புத் திரையில் வைத்து, நீங்கள் அடுத்த அறையில் இருந்துகொண்டு, அவர் தானாகவே உங்களை அழைக்கும்வரை பழக்கிவிட்டு விமானம் ஏறுங்கள்.