அசீமா சட்டர்ஜியை அவர் செய்த வேலைக்காகப் புகழுங்கள்

நித்தியகல்யாணிப் பூவோடு அசீமா சட்டர்ஜியின் படத்தையும் போட்டு, "புற்றுநோய் மருந்தைக் கண்டுபிடித்த இந்தியப் பெண் விஞ்ஞானி" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் மறுபடியும் சுற்றுகிறது. இன்று மட்டும் எனக்கு மூன்று குழுக்களில் வந்துவிட்டது. பெருமைப்பட்டுத்தான் அனுப்புகிறார்கள். ஆனாலும் என் மனம் ஒப்பவில்லை.

அந்தச் செடியிலிருந்து வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தைப் பிரித்தெடுத்தவர்கள் கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் குழுவினர். அதை வெளியிட்டது 1958இல். சர்க்கரை நோய்க்கு ஆகுமா என்று பார்க்கப் போனார்கள். சர்க்கரை இறங்கவில்லை, எலிகளின் ரத்தத்தில் வெள்ளணுக்கள் இறங்கின. அங்கிருந்துதான் புற்றுநோய்ப் பக்கம் திரும்பினார்கள். அசீமாவும் நித்தியகல்யாணி, சர்ப்பகந்தா வகைச் செடிகளில் உள்ள இண்டோல் ஆல்கலாய்டுகளில், அதாவது நைட்ரஜன் உள்ள ஒருவகைத் தாவர வேதிப்பொருள்களில், ஆண்டுக்கணக்காக உழைத்தவர்தான். ஆனால் அவர் செய்தது வேறு வேலை: அந்தப் பொருள்களைப் பிரித்தெடுத்து, அவை எப்படி அமைந்திருக்கின்றன என்று கண்டறிவது. அதைப் பற்றி அந்தச் செய்தியில் ஒரு வரிகூட இல்லை.

நான் மூலிகை வேதியியலில் ஆய்வு செய்தவன் என்பதால் அந்த வேலை எப்படிப்பட்டது என்று கொஞ்சம் தெரியும். வேரை நிழலில் உலர்த்தி, பொடித்து, ஆல்கஹாலில் ஊறவைத்து வடிக்க வேண்டும். வற்றவைத்தால் தார் மாதிரி பழுப்பாக ஒன்று மிஞ்சும். அதில் அமிலம் சேர்த்தால் ஆல்கலாய்டுகள் நீரில் இறங்கும். அந்த நீரில் அம்மோனியா விட்டால் கலங்கிப் பிரியும். அப்புறம் கண்ணாடிக் குழாயில் சிலிக்கா ஜெல் நிரப்பி, மேலே சாற்றை விட்டு, கரைப்பானைச் சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும். பொருள்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து இறங்கும். கீழே வரிசையாகச் சோதனைக் குழாய்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சொட்டைச் சிலிக்கா பூசிய தட்டில் வைத்து, ஆல்கலாய்டைக் காட்டிக்கொடுக்கும் டிராகன்டார்ஃப் கரைசலைத் தெளித்ததும் ஓர் ஆரஞ்சுப் புள்ளி தெரிந்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்கும். என் முதல் முயற்சியில் இரண்டு கிலோ பொடியில் தொடங்கினேன். நாற்பது நாள் கழித்து, குப்பியின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்ததைச் சுரண்டித்தான் எடை போட்டேன்.

எனக்கு அதற்குப் பிறகு கருவிகள் இருந்தன. காந்தப்புலத்தில் வைத்து அணுக்களின் அமைப்பை அறியும் என்எம்ஆர் எடுத்தால் மூலக்கூறு பெரும்பாலும் தன் வடிவத்தைச் சொல்லிவிடும். அசீமா தொடங்கிய 1940களில் அது கிடையாது. பொருளை வேதிவினைகளால் உடைத்து, துண்டுகள் எவை என்று ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு, உடையும் முன் அவை எப்படி இணைந்திருக்கும் என்று யோசித்துப் பிடிக்க வேண்டும். அஜ்மாலிசின், சர்ப்பகின் போன்ற ஆல்கலாய்டுகளின் அணுக்கள் எந்தத் திசை பார்த்து அமைந்திருக்கின்றன என்பது வரை போனவர் அவர். அதையும், பகுப்பாய்வுக்கு மாதிரிகளைக் காசு கொடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பவேண்டியிருந்த காலத்தில் செய்தார்.

1944இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் டி.எஸ்சி. என்ற அறிவியல் முனைவர் பட்டம் வாங்கினார். இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண் அவர். 1947இல் கைக்குழந்தையோடு அமெரிக்கா போனார், பிறகு சூரிச்சில் வேதியியலாளர் பால் காரரிடம் ஆய்வு. 1961இல் பட்நாகர் விருது, 1975இல் பத்ம பூஷண். விருதுப் பட்டியல் தேடினால் கிடைக்கும், விடுங்கள்.

எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது, பழைய வைத்தியத்தை அவர் அணுகிய விதம். ஏட்டில் இருக்கிறது என்பதற்காக அப்படியே ஏற்கவும் இல்லை, ஏட்டில் இருக்கிறது என்பதற்காக ஒதுக்கவும் இல்லை. நம் குளக்கரையில் படரும் ஆரைக்கீரை இனத்தை வலிப்பு நோய்க்காக ஆராய்ந்தார். அதையும் சடாமாஞ்சிலையும் சேர்த்து உருவானதுதான் ஆயுஷ்-56 என்ற வலிப்பு மருந்து. மலேரியாவுக்காக ஏழிலைப்பாலை, கடுகுரோகிணி, கழற்சிக்காய் என்று போனார். "இதில் என்ன இருக்கிறது, அது என்ன செய்கிறது" என்று கேட்டு, பதில் வரும்வரை ஆய்வுக்கூடத்தில் நின்றார். "எல்லாம் நம் முன்னோருக்கு அப்போதே தெரியும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள், இப்படி நின்றவர்களின் உழைப்பைத்தான் அழிக்கிறார்கள். கோபமாகவே சொல்கிறேன்.

வயதான பிறகும், தன் மாணவர் சத்யேஷ் பக்ராஷியோடு சேர்ந்து இந்திய மருத்துவத் தாவரங்கள் பற்றி ஆறு தொகுதிகளைக் கொண்டுவந்தார்.

அந்தச் செய்தி அடுத்த முறை வந்தால் அனுப்பியவரிடம் சண்டை போட வேண்டாம். படத்தை வைத்துக்கொண்டு வரியை மட்டும் மாற்றி அனுப்புங்கள்: "சர்ப்பகந்தா வகைச் செடிகளின் ஆல்கலாய்டுகள் எப்படி அமைந்திருக்கின்றன என்று கண்டறிந்தவர், அசீமா சட்டர்ஜி, 1917–2006."