18 வயதுக்குப் பிறகு கார்டியன் ஆக கோர்ட்டுக்குப் போக வேண்டுமா?

"18 வயது முடிந்த ஆட்டிசப் பிள்ளைக்கு அப்பா அம்மாவே கார்டியன் ஆவதென்றாலும் கோர்ட்டில் கேஸ் போட வேண்டும், லட்சக்கணக்கில் செலவாகும்" என்று தஞ்சாவூர், திருவாரூர் பக்கத்துப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

18 ஆனதும் பெற்றோரின் இயல்பான பாதுகாவலர் உரிமை முடிவது உண்மைதான். ஆனால் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வேறு வழி வைத்திருக்கிறது. மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவே பாதுகாவலரை நியமிக்கும். பதிவு பெற்ற தொண்டு நிறுவனப் பிரதிநிதி ஒருவரும் மாற்றுத்திறனாளி ஒருவரும் அதில் இருப்பார்கள். பெற்றோரோ உறவினரோ விண்ணப்பிக்கலாம். விவரத்தை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

எனக்குக் கவலை இதுதான்: கோர்ட் செலவுக்குப் பயந்து, பிள்ளைக்கு என்று இருக்கும் ஐந்து மா நிலத்தையும் அவசரமாக ஒரு சொந்தக்காரர் பேருக்கு எழுதிக் கொடுத்துவிடக் கூடாது. தயவுசெய்து பொறுங்கள். பாதுகாவலர் சொத்துக்கு உரிமையாளர் அல்ல. நியமனமாகி ஆறு மாதத்துக்குள் அவர் அசையாச் சொத்துப் பட்டியல் தர வேண்டும், அப்புறம் ஆண்டுதோறும் கணக்கும் காட்ட வேண்டும். பிள்ளையைக் கைவிட்டாலோ சொத்தைச் சுருட்டினாலோ, அவரை நீக்கச் சொல்லிப் பெற்றோர், உறவினர், பதிவு பெற்ற அமைப்பு யாரும் மனுக் கொடுக்கலாம்.

மனச்சிதைவு போன்ற மனநோய் மட்டும் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.