முதலில் தாள், அப்புறம்தான் போன்

வீடியோவை எடிட் செய்து முடித்துவிட்டு, அதைப் பார்த்துப் பார்த்து ஸ்டோரிபோர்டு (எடுக்கப்போகும் காட்சிகளை முன்கூட்டியே கட்டம் கட்டமாக வரைந்துவைக்கும் திட்டம்) வரைகிற கூத்து எத்தனை பேருக்குத் தெரியும்? விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படித்தவர்கள் இந்நேரம் சிரித்திருப்பீர்கள். ரெக்கார்டு நோட்டில் ஒட்டியாக வேண்டுமே!

பிள்ளைகளைக் குறை சொல்லமாட்டேன். இந்தத் திட்டத் தாளைக் கடைசியில் வீடியோவோடு சேர்த்து வாங்கினால் வேறென்ன செய்வார்கள்? படம் எடுக்கப் போவதற்கு முன்பே அதை வாங்கிப் படித்து, உட்கார்ந்து பேசி, மதிப்பெண்ணையும் அப்போதே போட்டுவிட வேண்டும் என்பது என் கட்சி.

எங்கள் ஒன்பதாம் வகுப்பில் ஒரு குழு வீடியோ எடுக்க 'நீர் மேலாண்மை' என்று ஒரு தலைப்போடு வந்து நின்றது. கூகுளில் இறக்கிய வெடித்த நிலம், பின்னணியில் சோகப் புல்லாங்குழல், முடிவில் ஒரு குறள். முழுப் படமும் எனக்கு அப்போதே ஓடி முடிந்துவிட்டது. "யாரு பாக்கப் போறா? பாத்துட்டு அவங்களுக்கு என்ன தெரியணும்?" என்று மட்டும் கேட்டேன். இரண்டு பீரியடு சண்டைக்குப் பிறகு தேறிய கேள்வி: நம்ம கண்மாய் மடையைத் திறந்து எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் விடுவது என்று நீர்ப்பாய்ச்சி எப்படி முடிவு செய்கிறார்? இது படம்!

அடுத்து ஏ4 தாளில் கோடு போட்டு, மேலிருந்து கீழாக மூன்று பத்தி. காட்சி, ஒலி. மூன்றாவது, பல பாடத்திட்டங்களில் இல்லாதது: 'இது எங்கிருந்து வரும்?' நாமே எடுப்பதா, வரைவதா, யாரிடமாவது அனுமதி கேட்பதா? அந்தப் பத்தியை நிரப்பும்போதுதான் விழித்துக்கொண்டார்கள். 'கலுங்கில் தண்ணீர் வழிகிறது' என்று எழுதியிருந்தார்கள். கண்மாயின் உபரி நீர் மறுகாலாக வழிந்து வெளியேறும் இடம்தான் கலுங்கு. மாதமோ மார்ச். வடகிழக்குப் பருவமழை பெய்து கண்மாய் நிறைந்தால்தான் எங்கள் பக்கம் கலுங்கு பாயும். யோசித்து, காய்ந்த கலுங்கைக் காட்டி, மறுகால் பாய்ந்த கதையை நீர்ப்பாய்ச்சித் தாத்தா குரலிலேயே சொல்லவைப்பது என்று மாற்றினார்கள். இணையத்தில் எவரோ எடுத்த அருவியைத் திருடிப் போடுவதைவிட எவ்வளவோ மேல்.

அப்புறம் குரல். வர்ணனையை எழுதி, போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து சத்தமாக வாசிக்கச் சொன்னேன். மூன்று நிமிட வீடியோவுக்கு ஐந்து நிமிடப் பேச்சு இருந்தது. தாளில் அடிக்கும்போது யாருக்கும் வலிக்கவில்லை. வெயிலில் நின்று எடுத்த காட்சியை வெட்டச் சொல்லிப் பாருங்கள், வீடே இரண்டாகிவிடும். போனைப் படுக்கையாகப் பிடிப்பதா நிமிர்த்துவதா என்பதையும் அங்கேயே முடித்துக்கொண்டோம். கரையில் காற்று இரைச்சல் மைக்கைக் கெடுக்கும் என்பதால் பேட்டி தாத்தா வீட்டுத் திண்ணைக்கு மாறியது.

"இப்படிக் கட்டம் போட்டா கற்பனை செத்துடாதா?" என்று சக ஆசிரியர் கேட்டார். சத்யஜித் ராய் தன் முதல் படத்தைக் காட்சி காட்சியாக வரைந்து எடுத்துக்கொண்டுதான் தயாரிப்பாளர்களைத் தேடி அலைந்தார். அவருக்கு ஆகாத கேடு ஒன்பதாம் வகுப்புக்கு ஆகிவிடுமா?

தவிர, தாள் ஒன்றும் கல்வெட்டு இல்லை. திண்ணையில் பேசிக்கொண்டிருந்த தாத்தா, கேட்காமலேயே, தண்ணீர் பங்கு வைப்பதில் தன் சொந்த அண்ணனோடு போட்ட சண்டையைச் சொல்ல ஆரம்பித்தார். திட்டத்தில் அது இல்லவே இல்லை. கேமரா பிடித்த பையன் நிறுத்தவில்லை. பக்கத்தில் தாளோடு இருந்த பெண் எதுவும் பேசாமல் அடுத்த இரண்டு கட்டங்களைப் பேனாவால் அடித்துவிட்டாள். அவளுக்குக் கூடுதலாக ஒரு மதிப்பெண் போட்டேன்.